வரையச் சொல்லாத கோடு

ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கோணமானி வைத்து அளக்கிறீர்கள். 71, 63, 48. கூட்டினால் 182 வருகிறது. என்ன செய்வீர்கள்? என் அக்கா மகள் ரப்பரை எடுத்தாள். 63ஐ 62 ஆக்கினாள், 48ஐ 47 ஆக்கினாள், மறுபடி கூட்டிப் பார்த்தாள், 180 வந்தது, அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். முகத்தில் சின்னத் தயக்கம்கூட இல்லை. சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில், அதாவது ஐந்தாம் வகுப்பில், படிக்கிறாள். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி என்று அந்த வாரம்தான் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியை சொன்னது 180, தாளில் வந்தது 182, ஆகவே தாளில்தான் தப்பு. அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் இதில் வாதாட ஒன்றுமே இல்லை.

எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. காரணம் என் தொழில். கட்டுமானத் தளங்களில் சர்வேயராக வேலை பார்க்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவதே, ஃபீல்டு புக்கில் எழுதிய அளவை ஒருபோதும் அழிக்கக் கூடாது என்பதைத்தான். தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். இப்போது கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி எல்லாவற்றையும் தானே பதிந்துகொள்கிறது, ஆனாலும் அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. ஒரு தளத்தைச் சுற்றி நாலைந்து புள்ளிகள் குறித்து, ஒவ்வொன்றிலும் கருவியை நிறுத்தி உட்கோணங்களை அளந்துகொண்டு வந்தால், கூட்டுத்தொகை இருக்க வேண்டிய இடத்தில் கச்சிதமாக வந்து உட்காராது. சில விநாடி கூடும், சில விநாடி குறையும். (ஒரு டிகிரியை 3,600 கூறு போட்டால் அதில் ஒன்று ஒரு விநாடி.) 'டிராவர்ஸ் குளோஸ் ஆகலை' என்போம். எவ்வளவு ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு, அனுமதித்த அளவுக்குள் இருந்தால் அந்த மிச்சத்தை எல்லாக் கோணங்களுக்கும் பிரித்துக் கொடுப்போம். முதல் தடவையே ஒரு விநாடிகூடப் பிசகாமல் மூடிவிட்டது என்று யாராவது வந்து சொன்னால்தான், ஆள் உண்மையிலேயே போய் அளந்தானா என்று சந்தேகம் வரும்.

கவனித்தால், அவள் செய்ததும் ஏறக்குறைய இதேதான். மிச்சம் வந்த 2 டிகிரியை இரண்டு கோணங்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டிருக்கிறாள். நாங்கள் அந்த 182ஐ வைத்திருப்போம், அவள் வைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக் கோணமானியில் ஒரு டிகிரிக்கு ஒரு கோடு. கண்ணால் பார்த்து அருகிலுள்ள கோட்டைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் அரை டிகிரி வரை பிசகலாம். மூன்று கோணத்துக்கு ஒன்றரை. கோணமானியின் நடுப்புள்ளியை முனையில் சரியாக வைக்காவிட்டால் இன்னும் கொஞ்சம். ஆக 179, 181, 182 எல்லாம் ஒழுங்காக அளந்த பிள்ளைக்கு வர வேண்டிய விடைகளே. வகுப்பில் எல்லாருக்கும் 180 வந்திருந்தால், எல்லாரும் ரப்பர் வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

அக்காவின் கட்சி

இதை அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். "டேய், உன் சர்வே வேலையெல்லாம் அவளுக்குச் சொல்லித்தராதே. பரீட்சையில படத்தை அளந்தா மார்க்கே கிடையாது. படம் அளவுப்படி வரையப்படவில்லைன்னு பக்கத்துலேயே போட்டிருப்பாங்க. 180லேருந்து கழிக்கத் தெரிஞ்சா போதும்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் சொல்வதில் பொய் இல்லை. வரைபடத்தில் 40 டிகிரி என்று எழுதியிருக்கும், பார்த்தால் 55 போலத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படி வரைகிறார்கள், கண்ணை நம்பாதே, தெரிந்ததிலிருந்து தெரியாததை வரவழை என்று. நல்ல பயிற்சிதான். ஆனால் ஒரு வாரம் கோணமானியைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே அளக்காதே என்று சொன்னால், இடையில் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டுமல்லவா? அளந்து பார்த்ததால் 180 என்று தெரியவில்லை. அளந்ததில் 182 தான் வந்தது. அப்படியானால் 180 எங்கிருந்து வந்தது? அந்த இடைப்பட்ட படி எந்த வொர்க்‌ஷீட்டிலும் இல்லை. அசெஸ்மென்ட் புக்குகளைப் புரட்டினேன், அவற்றிலும் இல்லை. 180 என்று ஒரு பெட்டிக்குள் போட்டு, கீழே இருபது கணக்கு.

பாடத்திட்டத்தையும் எடுத்துப் படித்தேன். கல்வி அமைச்சின் தொடக்கநிலைக் கணிதப் பாடத்திட்டத்தில் ஐந்தாம் ஆண்டில் முக்கோணம் வருகிறது. இருசமபக்கம், சமபக்கம், செங்கோண முக்கோணங்கள், கோணங்களின் கூட்டுத்தொகை. அப்புறம், தெரியாத கோணங்களைக் கண்டுபிடித்தல். அதோடு ஒரு நிபந்தனை: கூடுதலாகக் கோடு எதுவும் வரையாமல். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குச் சுமையைக் குறைக்கத்தான் அப்படி எழுதியிருப்பார்கள், படத்தில் இருக்கும் கோடுகளை வைத்தே விடை வந்துவிட வேண்டும் என்று. நியாயமான இரக்கம். ஆனால் 180 ஏன் என்பதற்கான விடை இருப்பதே அந்தக் கூடுதல் கோட்டில்தான். இணைகோடுகளும் அவற்றின் கோணங்களும் இரண்டு ஆண்டு கழித்து, உயர்நிலை ஒன்றில்தான் முறையாக வருகின்றன. அதற்குள் 180 மனதில் கல்வெட்டாகிவிடும். அப்புறம் ஏன் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கிழிப்பதும் திருப்புவதும்

பள்ளியில் காரணமே காட்டவில்லை என்று சொல்ல முடியாது. காகிதத்தில் ஒரு முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து, முனையோடு முனை சேர்த்துப் பக்கம் பக்கமாக வைத்தால் நேர்கோடு வரும். இங்கே படித்த எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். கையால் தொட்டு, படமாகப் பார்த்து, அப்புறம் குறியீட்டுக்குப் போவது என்பதுதான் சிங்கப்பூர்க் கணிதத்தின் பெருமையே. அவளும் நோட்டில் ஒட்டி வைத்திருந்தாள், அழகாக வண்ணம் தீட்டி.

ஆனால் அடிமட்டத்தை எடுத்து அதன் ஓரம் வைத்துப் பார்த்தேன். தொழில் புத்தி, விடவில்லை. பத்து சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு டிகிரி சாய்ந்தால் விலகல் 1.7 மில்லிமீட்டர். அரை டிகிரி என்றால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பசை தடவிய காகிதத்தின் கிழிந்த ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரை யார் கண்டுபிடிப்பது? முக்கோணத்தின் கூட்டுத்தொகை உண்மையில் 179 ஆகவோ 181 ஆகவோ இருந்திருந்தாலும் அந்த நோட்டுப் பக்கம் இதே மாதிரிதான் இருந்திருக்கும். கிழித்து ஒட்டுவது 180 என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு 180ஐக் காட்டுகிறது. சந்தேகப்படுகிறவருக்கு அது சாட்சி ஆகாது.

அதனால் அவளுக்கு வேறொன்று காட்டினேன். அளக்காமலே வேலை செய்யும் என்பதால் எனக்கு எப்போதும் பிடித்த வழி. தாளில் பெரிய முக்கோணம் வரைந்து, அடிப்பக்கத்தின் மேல் ஒரு பென்சிலைப் படுக்க வைத்தோம், கூர்முனை வலப்பக்கம் பார்க்க. இடது மூலையில் அதைத் திருப்பி இடதுபக்கக் கோட்டின் மேல் படுக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் அந்தக் கோணம். அப்படியே கோட்டோடு மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். உச்சிக்குப் போனதும் கூர்முனை முக்கோணத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ரப்பர் வைத்த முனை உள்ளே இருக்கும். முதலில் திருப்பிய அதே திசையில் திருப்பினால் ரப்பர் முனை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊசலாடிப் போய் வலதுபக்கக் கோட்டின் மேல் படியும். இரண்டாவது கோணம். இப்போது பென்சிலைப் பின்பக்கமாகக் கீழே இழுத்து, வலது மூலையில் மூன்றாவது தடவை திருப்ப வேண்டும். பழையபடி அடிப்பக்கத்தின் மேல் வந்து படுத்துவிடும்.

"மாமா, இது இப்போ அந்தப் பக்கம் பார்க்குது."

வலப்பக்கம் பார்த்துக் கிளம்பிய பென்சில் இடப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. மூன்று கோணங்களும் சேர்ந்து அதை அரைச் சுற்று திருப்பிவிட்டன. அரைச் சுற்று என்றால் 180. அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. ஒல்லியான முக்கோணம், குண்டு முக்கோணம், பக்கத்து நாற்காலியில் மாட்டியிருந்த பையின் முக்கோண மடிப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் பென்சிலால் சுற்றி வந்தாள். எப்படி வரைந்தாலும் பென்சில் திரும்பித்தான் வருகிறது. நான் டீயைக் குடித்துவிட்டு, சரி, விஷயம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தேன்.

பந்து

முடியவில்லை. அவள் தம்பியின் ரப்பர்ப் பந்து சோஃபா ஓரம் கிடந்தது. அதன்மேலும் முக்கோணம் வரையலாமா என்று கேட்டாள். வளைந்த பரப்பில் நேர்கோடு எது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றேன். இழுத்துப் போட்ட ரப்பர் பேண்ட் பந்தின் நடுவயிற்றைச் சுற்றி உட்காரும்போது போகும் வழிதான் பந்துக்கு நேர்கோடு, நிலநடுக்கோடு போல. ஒரு ரப்பர் பேண்டை இடுப்பைச் சுற்றி மாட்டினோம். இரண்டாவதை மேலிருந்து கீழாக. மூன்றாவதையும் மேலிருந்து கீழாக, ஆனால் இரண்டாவதற்குக் குறுக்கே. பந்து எட்டுத் துண்டாகப் பிரிந்தது. எட்டும் முக்கோணங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மூலை, மூன்று மூலையும் செங்கோணம். கூட்டினால் 270.

இது எனக்குத் தெரிந்த வேடிக்கைதான். 180ஐத் தாண்டுவதைப் பார்த்து அவள் ஆச்சரியப்படுவாள், பந்து வேறு தாள் வேறு என்று சொல்லி முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஆனால் அவள் ஒரு பல்குத்தும் குச்சியை எடுத்து, ஒரு முனையில் சிவப்பு மார்க்கர் தடவி, பென்சில் வித்தையைப் பந்தின் மேல் செய்ய ஆரம்பித்தாள். இடுப்பு ரப்பர் பேண்டின் மேல் குச்சி, சிவப்பு முனை வலப்பக்கம். மூலையில் ஒரு செங்கோணம் திருப்பினாள். மேலே தள்ளினாள். உச்சியில் ஒரு செங்கோணம். பின்பக்கமாகக் கீழே இழுத்தாள். கடைசி மூலையில் இன்னொரு செங்கோணம். குச்சி இடுப்புக் கோட்டில் வந்து படுத்தது.

சிவப்பு முனை இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, மூணு தடவை எல் மாதிரி திருப்பினேன். முக்கால் சுத்து. ஆனா அரைச் சுத்துதான் வந்திருக்கு. மிச்ச கால் சுத்து எங்கே?"

அவள் கேட்ட பிறகுதான் பென்சில் வித்தையை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். தாளில் பென்சில் எதிர்த்திசையில் வந்து நின்றது, ஆகவே கோணங்கள் சேர்ந்து 180 என்றோம். பந்தில் குச்சியும் எதிர்த்திசையில்தான் வந்து நிற்கிறது, ஆனால் கோணங்கள் சேர்ந்து 270. ஆக, எதிர்த்திசையில் வந்து நிற்பதை வைத்து 180 என்று முடிவு கட்ட முடியாது. காணாமல் போன கால் சுற்று குச்சியைத் திருப்பிய இடத்தில் தொலையவில்லை. அதைத் தள்ளிய இடத்தில்தான் தொலைந்திருக்கிறது. மூலைகளில் அவள் திருப்பினாள். கோடுகளில் அவள் திருப்பவில்லை, வெறுமனே தள்ளினாள். பந்து தன் வளைவால் அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்திருக்கிறது, மொத்தமாக ஒரு கால் சுற்று. தாளில் அப்படி நடக்கவில்லை. தாளில் ஒரு பென்சிலைக் கோட்டோடு தள்ளினால் அது பார்க்கும் திசை மாறாது. 180 என்ற எண் முழுவதும் இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இதைக் கோட்டைவிட்டவர்களின் பட்டியல் கௌரவமானது. ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர் திபோ 1809இல் இந்தத் திருப்பும் வித்தையை முறையான நிரூபணமாகவே தன் பாடநூலில் வெளியிட்டார். இணைகோடுகளைப் பற்றி எதையும் எடுத்துக்கொள்ளாமல் 180ஐ வரவழைத்துவிட்டேன் என்பதுதான் அதன் உரிமைகோரல். தள்ளுவது திசையை மாற்றாது என்று சொல்லும்போதே இணைகோடுகளைப் பற்றி எடுத்துக்கொண்டாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் லெஜாந்த்ர் 1794இல் எழுதிய வடிவியல் பாடநூலில் இதையே நிரூபிக்கப் பதிப்புக்குப் பதிப்பு புதுப்புது வழி போட்டுப் பார்த்தார், ஒவ்வொன்றிலும் ஏதோ ஓட்டை. ரஷ்யர் லோபசெவ்ஸ்கி 1829இலும் ஹங்கேரியர் போல்யாய் 1832இலும் முக்கோணத்தின் கூட்டுத்தொகை 180க்குக் குறைவாக இருக்கும் இன்னொரு வடிவியலை வெளியிட்டார்கள். அதிலும் உள்முரண்பாடு இல்லை என்று பின்னால் தெளிவானபோதுதான், அந்த ஓட்டையை அடைக்கவே முடியாது என்பது தீர்ந்தது.

பழைய கிரேக்கக் கணிதர் யூக்ளிட் இந்த இடத்தில் எவ்வளவு கவனமாக நடந்திருக்கிறார் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய முதல் புத்தகத்தில் முக்கோணத்தின் கோணக் கூட்டுத்தொகை 32ஆம் கூற்றாக வருகிறது. இவ்வளவு எளிய விஷயத்துக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று தோன்றும். முதல் 28 கூற்றுகளில் அவர் இணைகோட்டு எடுகோளை, அதாவது இணைகோடுகளைப் பற்றி நிரூபிக்காமலே எடுத்துக்கொண்ட கூற்றை, தொடவே இல்லை. 29இல்தான் எடுக்கிறார். அப்புறம் 32இல் ஒரு மூலை வழியாக எதிர்ப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு, கூடுதல் கோடு, வரைகிறார். நமக்குப் பழக்கமான வடிவில் சொன்னால், உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு. கீழே இடது மூலையில் உள்ள கோணம் அப்படியே மேலே உச்சியின் இடப்பக்கம் வந்து உட்கார்கிறது, வலது மூலைக் கோணம் வலப்பக்கம். நடுவில் உச்சிக் கோணம். மூன்றும் ஒரே நேர்கோட்டில். கிழிக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். கீழே உள்ள திசையும் மேலே உள்ள திசையும் ஒன்றுதான் என்று அந்தக் கோடு வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. பந்தின் மேல் அந்தக் கோட்டை வரைய முடியாது. எந்த இரண்டு ரப்பர் பேண்டை மாட்டினாலும் அவை எங்காவது வெட்டிக்கொள்ளும்.

அவளுக்கு இதைத் தாளில் வரைந்து காட்டினேன். சரிவகத்தில் இரண்டு இணைப்பக்கங்களுக்கு நடுவில் உள்ள கோணச் சோடி 180 என்று அவளுக்குப் பாடத்தில் வருகிறது, அதுவும் காரணமில்லாமல்தான். அதையும் இதையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்துவிடும் என்பதை அவளே பிடித்துக்கொண்டாள். "அப்ப ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ண வேணாமா?" என்றாள். அக்காவை ஜெயிக்க இதைவிட நல்ல வாதம் எனக்குக் கிடைக்காது.

உருண்டையின் மேல் வேலை

அடுத்து வர வேண்டிய கேள்வி வந்தது. பூமி பந்து. அப்படியென்றால் மாமா தளத்தில் அளக்கும் முக்கோணமெல்லாம் 180 இல்லையே?

இல்லைதான். ஆனால் எவ்வளவு இல்லை என்பதில் இருக்கிறது விஷயம். பந்தின் எட்டில் ஒரு பங்கை அடைக்கும் முக்கோணத்துக்கு 90 டிகிரி கூடுதல். பரப்பு குறையக் குறைய அந்த மிகுதியும் அதே விகிதத்தில் குறையும். கணிதர் ஜிரார் 1629இல் வெளியிட்ட விதி இது. பூமியில் 197 சதுர கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு விநாடி. சிங்கப்பூர் முழுவதும் சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். தீவு மொத்தத்தையும் ஒரு முக்கோணமாக நினைத்துக்கொண்டாலும் கூடுதல் நான்கு விநாடிக்கும் குறைவு. ஒரு கட்டடத் தளம் அளவுக்கு வந்தால் எந்தக் கருவிக்கும் எட்டாத தூசு. அதனால்தான் நான் நிம்மதியாக 180 என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறேன். துவாஸ், சாங்கி, உட்லண்ட்ஸ் மூன்றையும் வரைபடத்தில் இணைத்து அவளே பரப்பைப் போட்டுப் பார்த்தாள். ஒன்றிரண்டு விநாடிதான் வந்தது. ஏமாற்றம்தான் அவளுக்கு. ஐந்து டிகிரியாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பாள் போல.

இந்த விநாடிகளுக்காக உயிரை விட்டவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்ப்டன் 1802இல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியா முழுக்கக் கோர்த்துக்கொண்டு போனார். கோணம் அளக்க ஏறக்குறைய அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கருவி. அதை 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நசுங்கியது. அவரே உட்கார்ந்து அதைச் சரிசெய்து மறுபடியும் அளக்கக் கிளம்பினார். அந்த அளவு முக்கோணங்களில் பக்கம் ஐம்பது கிலோமீட்டர் என்றால் பூமியின் உருண்டை ஐந்து விநாடிக்கு மேல் கூட்டிவிடும். முதலில் அதைக் கழித்தால்தான் மிச்சமுள்ளது நம் கைப்பிழை எவ்வளவு என்று தெரியும். கழிக்க வழி சொன்னவர் யார் என்றால் அதே லெஜாந்த்ர். மிகுதியை மூன்றாகப் பங்கிட்டு ஒவ்வொரு கோணத்திலும் ஒரு பங்கைக் கழித்துவிடு, அப்புறம் தட்டையான முக்கோணம் என்றே கணக்குப் போடலாம் என்று 1787இலேயே சொல்லிவிட்டார். 180ஐ நிரூபிக்க முடியாமல் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டிய மனிதர், 180 இல்லாத இடத்தில் அதை எப்படிக் கையாள வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

(சிங்கப்பூரில் தியோடலைட் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஜெர்மானிய ஓவியர் லாய்ட்டமானின் அந்தப் பழைய மரச்செதுக்குப் படம். 1835இல் கட்டடக் கலைஞர் கோல்மன் சாலைக்காக அளந்துகொண்டிருக்கும்போது காட்டிலிருந்து புலி பாய்கிறது, முக்காலி சரிகிறது, கூட வந்த இந்தியக் கைதிகள் சிதறி ஓடுகிறார்கள். யாருக்கும் காயம் இல்லையாம், கருவிக்குத்தான் அடி. இப்போது எங்கள் தொழிலில் இவ்வளவு சுவாரசியம் இல்லை. மிஞ்சிப் போனால் நாங்கள் குறிபார்க்க நிறுத்திய பிரிசத்தை லாரிக்காரர் இடித்துவிடுவார்.)

அக்காவோடு வாக்குவாதம் இன்னும் தீரவில்லை. பென்சில், பந்து, இணைகோடு எல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிடா, ஆனா ஒரு கணக்குக்கு ரெண்டு நிமிஷம்தான் இருக்கு" என்றாள். அதுவும் உண்மை. இரண்டு நிமிடத்தில் யாரும் எடுகோளைப் பற்றி யோசிக்க வேண்டாம், 180லிருந்து கழித்தால் போதும். பரீட்சை அறைக்கு வெளியே இருக்கும் நேரத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். பத்து வயதுப் பிள்ளையால் அந்தக் கூடுதல் கோட்டைத் தாங்க முடியாது என்பதை நான் நம்பவில்லை. உயர்நிலை ஒன்று வரை தள்ளிப்போட்டால், அதற்குள் அந்தக் கோட்டின் தேவையே போய்விடுகிறது. விடை கையில் இருப்பவருக்குக் காரணம் அலங்காரமாகத்தான் தெரியும்.

போன மாதம் புளோக் முழுக்கத் தேசிய தினத்துக்காகக் கொடி தொங்கவிட்டிருந்தார்கள். பென்சில் பைத்தியம் இன்னும் தெளியாத அவள், கொடியிலுள்ள நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டாள். கையை எடுக்காமல் ஐந்து கோட்டில் போடும் நட்சத்திரத்தை வரைந்து, ஐந்து முனைகளிலும் பென்சிலைத் திருப்பித் தள்ளிக்கொண்டே போனாள். எதிர்த்திசையில் வந்து நின்றது. அரைச் சுற்று. ஐந்து முனையும் சேர்ந்து 180 என்றாள். கோணலான நட்சத்திரம் போட்டாலும் அதேதானா? போட்டுப் பார்த்தாள், அதேதான். பென்சிலை இப்போது முழுசாக நம்புவதில்லை என்பதால், எதற்கும் வேறு வழியிலும் வருகிறதா பார் என்றேன். ஒரு முனையிலுள்ள சின்ன முக்கோணத்தைப் பிடித்துக்கொண்டாள். அதன் உச்சியில் ஒரு முனைக் கோணம். அடியில் உள்ள இரண்டு கோணங்கள் ஒவ்வொன்றும், எதிர்ப்புறமுள்ள பெரிய முக்கோணத்திலிருந்து பார்த்தால் இரண்டு முனைக் கோணங்களின் கூட்டுத்தொகை. 180லிருந்து இரண்டு தடவை கழித்தால் அது வந்துவிடும். ஒன்று, இரண்டு, இரண்டு. ஐந்து முனையும் அந்தச் சின்ன முக்கோணத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். "இதுல கூடுதலா கோடு எதுவும் போடலையே?"

போடவில்லை என்றேன்.

"அப்ப இதைச் சொல்லிக்கொடு" என்றாள்.